லென்ஸ் போய்வந்த ஊர்கள்

அந்த வங்கிக் கிளையில் கடன் கேட்டு வருகிறவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கடன் அதிகாரி விண்ணப்பத்தை வாங்குவார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முதல் பக்கத்தைப் படிப்பார், பிறகு கேட்பார்: "இது தேவையா, ஆசையா?"

தேவை என்று சொன்னவர்களை அவர் நம்பியதில்லை. ஆசை என்று சொன்னவர்களுக்குக் கடன் கொடுத்ததில்லை. பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் டிரம் செட் வாங்கக் கடன் கேட்டு வந்தபோது, டிரம் அடிக்கிறவனுக்கு வருமானம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தலைவலி மட்டும் உண்டு என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார். கல்யாணமான கையோடு உலகம் சுற்றிப் பார்க்க விரும்பிய ஒரு ஜோடியிடம், உலகம் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் ஒரு கட்டில் வாங்குங்கள் என்றார். கிளையில் அவருக்குத் 'தேவையா' என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதுதான் சொந்தப் பெயர் என்று நினைத்து, தேவையா சார், தேவையா சார் என்று மரியாதையோடு கூப்பிடுவார்கள். அவரும் திருத்தியதில்லை.

வீட்டிலும் அதே சட்டம்தான். அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். துணி துவைக்க ஒரு இயந்திரம் வாங்கலாம் என்று அவள் சொன்னபோது அவர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். அவள் அவருடைய சட்டைகளை மட்டும் துவைக்காமல் ஒரு மூலையில் குவித்து வந்தாள். குவியல் நாற்காலி உயரத்துக்கு வந்தபோது இயந்திரம் வந்தது.

இப்படிப்பட்டவருக்குத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை ரூபத்தில் சோதனை வந்தது. ஊழியர்கள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், ஆகவே ஒவ்வொருவரும் ஒரு பொழுதுபோக்கை வளர்த்துக்கொள்ள வேண்டும், அது இன்னதென்று மேலாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. படித்தவுடன் எல்லோருக்கும் அழுத்தம் கொஞ்சம் கூடியது. காசாளர் சமையல் என்றார். காவலாளி தூக்கம் என்று சொல்லிவிட்டு, மேலாளர் முகத்தைப் பார்த்து, நடைப்பயிற்சி என்று மாற்றிக்கொண்டார். தேவையா 'சேமிப்பு' என்றார்.

மேலாளர் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். "சேமிப்பு பொழுதுபோக்கு இல்ல சார். கொஞ்சம் செலவாகணும், கொஞ்சம் சந்தோஷம் வரணும். அதுக்குப் பேர்தான் பொழுதுபோக்கு."

சேமித்தாலே தமக்குச் சந்தோஷம் வருகிறது என்று தேவையா வாதாடிப் பார்த்தார். மேலாளர் கேட்கவில்லை. வேறு ஏதாவது யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

யோசித்தபடி கிளையின் பின்பக்க ஜன்னலோரம் போய் நின்றவருக்கு, கழிவுநீர்க் கால்வாய்க்கு மேலே ஓடிய மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி தெரிந்தது. அந்தக் கறுப்புத் தண்ணீரில் மீன் இருக்கிறதென்று அது இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. தேவையா கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தார். நீலமாக ஒரு புள்ளி விழுந்தது. அதைக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். காசாளர் கைதட்டினார். மேலாளர் கைதட்டினார். எதற்கும் அசையாத காவலாளிகூட ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார். ஐம்பது வயதை நெருங்கும்வரை தேவையாவுக்கு யாரும் கைதட்டியதில்லை. கடன் கிடைக்காதவர்கள் எப்படித் தட்டுவார்கள்? அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் அந்த நீலப் புள்ளியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

நகரத்தின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. ஞாயிறு காலைகளில் பறவைப் படம் எடுக்கிறவர்களின் சங்கம் அங்கே கூடும். சங்கத் தலைவர் ஒரு பல் மருத்துவர். அவரிடம் கைக்குழந்தை அளவுக்கு ஒரு லென்ஸ் இருந்தது. அதைக் கைக்குழந்தையைப் போலவே மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். புதிதாக வந்த தேவையா தம் கைப்பேசிப் படத்தைக் காட்டியதும், சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல பறவை எடுக்க முடியாது சார். பறவை உட்கார்ந்திருந்த மரத்தைத்தான் எடுக்க முடியும்."

அந்தச் சங்கத்தில் பறவையைப் பார்ப்பதைவிட ஒருவர் லென்ஸை மற்றவர் பார்ப்பதுதான் அதிகம் நடந்தது. ஒரு கொக்கு ஏறக்குறைய அவர்கள் காலடியிலேயே வந்து நின்று, யாராவது திரும்புவார்களா என்று பார்த்துவிட்டு, பறந்து போனது. கேமரா நிறுத்தப் புதிதாக வந்த ஒரு முக்காலியைச் சுற்றி எல்லோரும் குனிந்து நின்றிருந்தார்கள்.

தேவையா கேமரா வாங்கினார். பழையதுதான், பாதி விலைதான். ஆகவே மீதிப் பாதியைத் தாம் சேமித்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டார். சேமித்த பணம் கையில் இருப்பது போலத் தோன்றியதால் அதில் ஒரு பை வாங்கினார். பை வந்த பிறகு முக்காலி இல்லாமல் எப்படி? முக்காலியும் வந்தது. இத்தனையையும் தூக்கிக்கொண்டு சாதாரணச் சட்டையில் போனால் பறவைகள் மிரளும் என்று பல் மருத்துவர் சொன்னதால், இலைதழையின் நிறத்தில் உடம்பெல்லாம் பைகள் வைத்த மேல்சட்டையும் அதற்குப் பொருத்தமான தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பறவைகளின் கண்ணில் படாமல் இருப்பதற்காகத் தைத்த சட்டை பஸ்ஸிலிருந்த அத்தனை பேர் கண்ணிலும் பட்டது.

ஊராரிடம் கேட்ட கேள்வியை ஒவ்வொரு முறையும் தம்மிடமும் கேட்டுக்கொள்ளத்தான் செய்தார். பதில் சொல்கிறவரும் தாமே என்பதால் விண்ணப்பங்கள் எல்லாம் உடனுக்குடன் தேறின.

அப்படியும் படத்தில் பறவை கடுகளவுதான் விழுந்தது. பெரிய லென்ஸ் வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிறு, பல் மருத்துவர் மனம் இரங்கித் தம் லென்ஸை ஒரு நிமிடம் இரவல் கொடுத்தார். அதன் வழியே தேவையா ஏரியின் அக்கரையில் நின்ற நாரையைப் பார்த்தார். அதன் கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் தெரிந்தது. அலகில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது. நாரை அவரையே பார்ப்பது போலவும் இருந்தது. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் விலையைக் கேட்டார்.

அதன் விலை அவருடைய அரை வருடச் சம்பளம். சேமிப்பில் பணம் இருந்தது. அது வெளியூரில் படிக்கும் மகளுக்கு என்று ஒதுக்கியது, அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே தம் வங்கியிலேயே கடன் எடுக்க முடிவு செய்தார். பொழுதுபோக்குக்கென்று அங்கே ஒரு கடன் திட்டமும் இல்லை. அப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று முன்பு தலைமை அலுவலகம் கருத்துக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எழுதி அனுப்பியவர் தேவையாதான். வேறு வழியில்லாமல் வீட்டுப் பராமரிப்புக் கடனுக்கு விண்ணப்பித்தார். மேலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வீட்டில் என்ன பிரச்சனை என்று விசாரித்தார்.

"ஒழுகுது சார்" என்றார் தேவையா.

அது முழுப் பொய்யும் இல்லை. குளியலறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

மனைவியிடம் அதை முதலீடு என்றார். இந்த லென்ஸ் தங்கம் மாதிரி, நாளாக ஆக விலை ஏறுமே தவிர இறங்காது என்றார். அவள் பெட்டியைத் திறந்து, லென்ஸைத் தூக்கிப் பார்த்து, தங்கமென்றால் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம், இதைப் போட்டால் கழுத்து முறியும் என்று சொல்லிவிட்டு மூடினாள். விலை கேட்டதற்கு, மாதாமாதம் கொஞ்சம்தான் என்று மழுப்பினார். கல்யாணமான நாளிலிருந்து பண விஷயத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதில்லை. அவள் நம்பினாள்.

லென்ஸ் வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பறவைகள் அவரைத் தேடி வராது, அவர்தான் போக வேண்டும். சங்கத்தார் மலைக்காட்டுக்குப் போனார்கள், சதுப்பு நிலத்துக்குப் போனார்கள், ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனார்கள். வண்டிக்குப் பங்கு, தங்க அறை, வழிகாட்டிக்குக் கூலி என்று ஒவ்வொன்றும் கையைக் கடித்தது. தவணை போக மிஞ்சிய சம்பளத்தில் தேவையாவால் ஏரிக்கரை பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் எடுக்க முடிந்தது. முதல் பயணத்துக்கு வயிறு சரியில்லை என்றார். இரண்டாவது பயணத்துக்கு, காலமாகிப் பல வருடமான மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றார். வெகுதூரத்துப் பறவையைக் கண்ணருகே இழுத்துக் காட்டும் லென்ஸ் கையில் இருந்தது. அந்த வெகுதூரத்துக்குப் போய் நிற்கத்தான் வழியில்லை.

ஏரியிலோ தண்ணீர் வற்றி, இருந்த நாரைகளும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. தேவையா வீட்டு பால்கனியில் முக்காலியை நிறுத்தினார். எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஒரு காக்கை வந்துகொண்டிருந்தது. காக்கை பறப்பது, காக்கை உட்காருவது, உட்காரலாமா வேண்டாமா என்று காக்கை யோசிப்பது என்று எடுத்துத் தள்ளினார்.

சில நாட்களில் எதிர்க் கட்டடத்து வக்கீல் கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, மனைவி கொடுத்த தேநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக் குரலில் ஆரம்பித்தார்.

"உங்க பால்கனியில இருந்து எங்க வீட்டுப் பக்கமா பீரங்கி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. வீட்ல ஜன்னலைத் திறக்கவே பயப்படுறாங்க. அதுல என்ன பார்க்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"பறவை சார்."

"என்ன பறவை?"

தேவையா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காக்கா."

வக்கீல் நம்பவில்லை. ஆதாரம் கேட்டார். தேவையா கணினியைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். குறுக்கு விசாரணை செய்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டே வந்த வக்கீல், ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். மொட்டைமாடியில் மூடியில்லாத ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில் காக்கை. காக்கையின் அலகில் வாலோடு ஏதோ ஒன்று.

தினமும் காலையில் தவறாமல் வரும், முதலில் சாப்பாட்டைத் தண்ணீரில் முக்கிக் கழுவும், சாப்பிட்ட பிறகு அதிலேயே இறங்கிக் குளிக்கும் என்று தேவையா உற்சாகமாக விளக்கினார். இறக்கை விரிக்கும்போது தண்ணீர் தெறிக்கிற படம் நன்றாக வந்திருக்கிறது, அதையும் பாருங்கள் என்றார். வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அது இந்தக் கட்டடத்துத் தண்ணீர்தான் என்று உறைத்ததும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் எதிர்த் தொட்டிக்கு மூடி வந்துவிட்டது. காக்கை வருவது நின்றது. தமக்கென்று இருந்த ஒரே பறவையையும் தேவையா இழந்தார்.

குளியலறைக் குழாய் அதுவரை காத்த பொறுமையை அந்த மாதம் கைவிட்டது. சொட்டுச் சொட்டாக இருந்தது பீறிட்டு அடித்து, சுவர் ஊறி, பூச்சு உப்பி, படுக்கையறைப் பக்கம்வரை ஈரம் பரவியது. குழாய் வேலைக்காரர் சுவரில் காதை வைத்துக் கேட்டார், தட்டிப் பார்த்தார், உடைக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை வீட்டுச் செலவில் அடங்குவதாக இல்லை.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "எதுக்குக் கவலைப்படுறீங்க? உங்க பேங்க்லேயே வீட்டுப் பராமரிப்புக்குக் கடன் கொடுக்கிறாங்களே. எத்தனை பேருக்கு நீங்களே போட்டுக் கொடுத்திருக்கீங்க. நாமளும் எடுத்துடலாம்."

"அது எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? எந்த வீட்டுக்கு?"

தேவையாவின் கண் தன்னையறியாமல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அங்கே, ஈரம் படாத ஒரே இடத்தில், லென்ஸ் பெட்டி இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. கெட்ட செய்திகளை வருடக்கணக்காகக் காகிதத்தில் அச்சடித்து உறையிலிட்டுக் கொடுக்கிறவள் அவள். குரலை உயர்த்தினால் சர்க்கரை அளவு இறங்காது என்பது அவளுக்குத் தெரியும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை காலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். கடன் கேட்டு வருகிறவர்களைத் தாம் கேட்கும் அதே தொனி தம் வீட்டு நாற்காலியிலிருந்து வருவதைத் தேவையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"லென்ஸ் வாங்கினதுக்கு எனக்குக் கோபம் இல்லங்க. அதைப் போய்த் தங்கம்னு சொன்னீங்களே, அதுக்குத்தான். ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் கூட உட்கார்ந்து யோசிச்சிருப்பேன். எப்படியாவது ஒரு வழி பண்ணியிருப்போம்."

தேவையா அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தார்.

அடுத்த நாள் அவள் தன் தம்பியை வரவழைத்தாள். அவன் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். பெட்டியைத் திறந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தான்.

"அத்தான், இதை வச்சுக்கிட்டா காக்கா எடுத்தீங்க?"

படம் எடுக்கிறவர்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட லென்ஸுக்கு நல்ல வாடகை கிடைக்கும் என்று அவன் சொன்னான். அப்படியானால் முதலீடு சம்பாதிக்கட்டும் என்றாள் அக்கா.

லென்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தது. மலைக்காட்டுக்குப் போய் வந்தது. சதுப்பு நிலத்துக்கும், ஆறு கடலில் சேரும் இடத்துக்கும் போய் வந்தது. ஒரு விளம்பரக் குழுவோடு விமானம்கூட ஏறியது. தேவையா அதுவரை விமானம் ஏறியதில்லை. மச்சினன் சும்மா இருக்காமல், லென்ஸ் ஒவ்வொரு ஊரிலும் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்புவான். கடலோரப் பாறையில் லென்ஸ், பின்னால் சூரியன். அதை அவர் கிளையில் அடுத்த விண்ணப்பத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்ப்பார்.

திரும்பி வரும் லென்ஸைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அவருடையது. வேலை முடிந்து வந்ததும் மெல்லிய துணியும் தூரிகையுமாக உட்கார்ந்துவிடுவார். நாளடைவில் தூசியைப் பார்த்தே எங்கே போய்வந்தது என்று சொல்லப் பழகிவிட்டார். சிவப்பாக இருந்தால் காடு. வெள்ளையாக நறநறத்தால் கடற்கரை. மினுமினுவென்று இருந்தால் கல்யாண மண்டபம்.

வாடகை விவகாரத்தை மனைவி கறாராக நடத்தினாள். முன்பணம் வாங்கினாள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். லென்ஸ் திரும்பும்போது வெளிச்சத்தில் பிடித்து, ரத்தத்தில் கிருமி தேடுவது போலக் கீறல் தேடினாள். அந்தப் பணத்தில் சுவரை உடைத்துக் குழாய் மாற்றினார்கள், பூசினார்கள், வர்ணம் அடித்தார்கள். தவணையும் தடங்கலில்லாமல் போனது. கணக்குப்படி பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. தேவையாவுக்குத்தான் முகம் தொங்கிப்போயிருந்தது.

ஒருநாள் தயங்கித் தயங்கி, இந்த ஞாயிறு லென்ஸ் தமக்கு வேண்டும் என்றார்.

"புக் ஆயிடுச்சுங்க."

"அடுத்த ஞாயிறு?"

"அதுவும் ஆயிடுச்சு. அதுக்கடுத்த வாரம் காலையில மட்டும் காலி. வீட்டு ஆள்னு வாடகையில பாதி தள்ளித் தர்றேன்."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். அவரும் கொடுத்துவிட்டுத்தான் எடுத்தார். அன்று காலை மழை பெய்தது. முன்பணத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை.

வருட முடிவில் சங்கத்தின் படக் கண்காட்சி ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. பல் மருத்துவரின் ஆந்தைப் படத்துக்கு முதல் பரிசு. மரப்பொந்திலிருந்து பாதி முகத்தை நீட்டி, ஒரு கண்ணைத் திறந்தும் ஒரு கண்ணை மூடியும் வைத்திருந்த ஆந்தை. யாருக்கும் அதன் முன்னாலிருந்து நகர மனம் வரவில்லை. தேவையாவுக்கு அதைப் பற்றிக் கூடுதலாக ஒரு விவரம் தெரியும். மருத்துவரின் லென்ஸ் சதுப்பு நிலத்துச் சேற்றில் விழுந்து பழுதுபார்க்கப் போயிருந்தது. மச்சினன் மூலம் அவர் வாடகைக்கு எடுத்துப் போனது யாருடைய லென்ஸ் என்று அவருக்கே தெரியாது. அது திரும்பி வந்தபோது சிவப்புத் தூசியைத் துடைத்தவர் தேவையா.

பரிசு வாங்கிய மருத்துவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் என்கிட்ட வந்து, என்ன லென்ஸ், என்ன லென்ஸ்னு கேக்குறாங்க. லென்ஸ்ல ஒண்ணும் இல்லைங்க. பார்க்கத் தெரியணும். கண்ணு வேணும்."

அரங்கம் கைதட்டியது. தேவையாவும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. சொன்ன ஆளுக்குச் சொல்லத் தகுதி இல்லையென்றாலும் சொன்ன விஷயம் சரிதானே என்று யோசித்தபோது கோபம் இன்னும் கூடியது. லென்ஸ் வந்த நாளிலிருந்து, ஒரு காக்கையைத் தவிர, தாம் எதை உருப்படியாகப் பார்த்தோம்?

வீட்டுக்கு வந்ததும் லென்ஸை விற்றுவிடலாம் என்றார்.

இப்போது மனைவிதான் தயங்கினாள். நல்லாச் சம்பாதிக்கிற நேரத்தில் ஏன் விற்க வேண்டும், கடன் அடைகிற வரைக்குமாவது இருக்கட்டுமே என்றாள். அடுத்த மாதம் முழுக்கக் கல்யாணங்கள் என்றாள்.

"பொழுது போகணும்னு வாங்கினேன்" என்றார் அவர். "இப்ப அதுக்கு நான் வேலைக்காரன். பகல்ல பேங்க்ல ஒரு உத்தியோகம், சாயங்காலம் லென்ஸ் துடைக்கிற உத்தியோகம். அது ஊர் ஊரா சுத்திட்டு வருது. நான் அதோட காலைக் கழுவி விட்டுக்கிட்டு இருக்கேன்."

சரி, விற்றுவிடலாம் என்றாள் அவள்.

மச்சினனே வாங்கிக்கொண்டான். பாதி கையில், பாதி தவணையில். தவணை என்ற சொல் காதில் விழுந்ததும் தேவையாவுக்குப் பழைய உயிர் வந்துவிட்டது. வருமானச் சான்று கேட்டார். இருவர் ஜாமீன் கேட்டார். மனைவி முறைத்த பிறகு ஜாமீனை மட்டும் விட்டுக்கொடுத்தார். வந்த பணத்தில் கடனின் பெரும்பகுதியை அடைத்தார்கள். தங்கம் விலை இறங்கியதால் ஏற்பட்ட நஷ்டத்தை, அவள் அப்படித்தான் அதைச் சொன்னாள், இன்னும் கொஞ்ச காலம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

அதோடு வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மகளின் படிப்பு, கடன் தவணை, சாப்பாடு, அவசரத்துக்கென்று ஒதுக்குவது எல்லாம் போக, மாதம் ஒரு சிறு தொகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. அவரவர் பங்கை அவரவர் இஷ்டப்படி செலவழிக்கலாம். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கக் கூடாது. தீர்ந்தால் அடுத்த மாதம்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தன் பங்கை வைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை அப்படி ஒரு பணம் தன் கைக்கு வந்ததே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏரியில் தண்ணீர் வந்திருந்த ஒரு ஞாயிறு, அவர் வெறுங்கையோடு கிளம்பினார். அன்று அவளுக்கும் விடுமுறை. நானும் வரட்டுமா என்று கேட்டு உடன் வந்தாள். சங்கத்தார் கரையோரம் வரிசையாக முக்காலிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றும் இல்லை, இன்றைக்கு வீண் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி அவர் கையைத் தொட்டாள். "அந்த நாணலுக்குள்ள பாருங்க. சாம்பல் நிறத்துல, சின்னதா. வாலை ஆட்டுது."

அவருக்குத் தெரியவில்லை. பல் மருத்துவருக்கும் தெரியவில்லை. சாய்ந்திருக்கிற நாணலில் இருந்து இந்தப் பக்கம், கொஞ்சம் கீழே, இப்போது தலையைத் திருப்புகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, பீரங்கிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசியில் யாரோ மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டது. அது அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத பறவையாம். நீங்கள் எத்தனை வருடமாகப் பறவை பார்க்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அவள், இன்றைக்குத்தான் என்றாள். ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி அணுக்களுக்கு நடுவே கோணலாக இருக்கும் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள் என்பதைத் தேவையா சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதற்கு யாரும் கடன் கொடுத்திருக்கவில்லை.

அதன் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. தன் பங்கைச் சில மாதங்கள் சேர்த்து வைத்தாள். நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு பழைய பைனாகுலரை நன்றாகப் பார்த்து, உதறிப் பார்த்து, விலை பேசினாள். கடைக்காரர் அதற்கென்றே ஒரு தோல்பை உண்டு, துடைக்கத் தனித் திரவம் உண்டு, மழைக்கு உறை உண்டு என்று மேஜைமேல் பரப்பினார். தேவையாவின் கை தோல்பையை நோக்கிப் போனது. அவள் பைனாகுலரை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

கிளையில் அவர் கேட்கும் கேள்வி மாறவில்லை. ஆசை என்று ஒளிக்காமல் சொல்கிறவர்களை மட்டும் இப்போது உட்காரச் சொல்லி, சம்பளத்தில் அதற்கு எத்தனை இடம் இருக்கிறது என்று சேர்ந்து கணக்குப் போட்டார். தேவைதான், தேவைதான் என்று சத்தியம் செய்கிறவர்களை முன்னைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார்.

போன ஞாயிறு ஏரிக்கரையில் நல்ல காற்று. அவருடைய அந்த மாதப் பங்கு ஒரு பறவைப் புத்தகத்தில் தீர்ந்துவிட்டிருந்தது. மனைவி கரைமேட்டில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, ஏரி நடுவே தீவிலிருந்த மரத்தைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகத் தரவில்லை.

"கொஞ்சம் கொடேன்" என்றார்.

"இருங்க. குஞ்சுக்கு ஊட்டுது."

"எத்தனை குஞ்சு?"

"ரெண்டு. இல்ல, அடியில இன்னொண்ணு இருக்கு. அதுக்குத்தான் எதுவும் கிடைக்கல. பாவம், வாயைத் திறந்துக்கிட்டே இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஆ, இப்ப கொடுத்துடுச்சு" என்றாள்.

அவர் மறுபடி கேட்கவில்லை. நெற்றிக்கு மேலே கையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு, அவள் பார்க்கும் திசையிலேயே வெறுங்கண்ணால் பார்த்தபடி நின்றார். மரத்தின் உச்சியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.